பேச்சு இல்லாத தங்கச்சிக்கு ஒரு வார்த்தை

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் ஏதாவது ஒரு தொல்லையைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தன. 'நோட்டீஸ்' என்கிற வார்த்தை, தோட்டத்து லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது வந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. 'காண்ட்ராக்ட்' என்பது, கோலா கங்சாரில் ஒரு பள்ளிக்கூட அஸ்ராமாவில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தபோது வந்தது. அங்கே தங்கிப் படிக்கிற பிள்ளைகள் மாறுவார்கள், முதலாளி மாறுவார், விளக்குமாறும் நானும் மட்டும் அப்படியே இருப்போம். நாலு வருஷத்துக்கு முன்னால் 'ஸ்ட்ரோக்' வந்தது. பல் விளக்கப் போன என் வீட்டுக்காரர் அப்பாவு குளியலறையிலேயே சரிந்து விழுந்தார். அதன் பின்னாலேயே 'டயப்பர்', 'டியூப்', 'பெட்சோர்' என்று வரிசையாக வந்து குடியேறிவிட்டன. யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. வார்த்தை முதலில் வரும். அர்த்தம் நாலு நாள் தூக்கம் கெட்ட பிறகு புரியும்.

இந்த ஐம்பத்து மூன்று வயதில் இன்னொன்று கற்றுக்கொண்டேன். எஸ்டிரேஞ்ஜ்டு. சொல்லிப் பார்த்தால் மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. இதைக் கற்றுக்கொடுத்தது என் அண்ணன் பத்துமலை. கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, அது வேறு கதை.

அவர் எனக்கு ஆறு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செம்பனை லாரி ஓட்டியே காலத்தைக் கழித்தவர். ரப்பர் தோட்டம் செம்பனையாகி, அப்புறம் வீடு கட்டுகிறவர்கள் கைக்குப் போன பிறகு, எங்களுக்கெல்லாம் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், வீடு கொடுத்தார்கள். அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர்தான்.

பதினோரு வருஷமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை.

என் மகள் தினேஸ்வரியின் சடங்கில் ஆரம்பித்தது. இப்போது அவள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள், அப்போது பதின்மூன்று வயது. தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போட வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்னால், நாலு பேர் எதிரில், நான் அவரிடம் சொன்னேன்: "குடிச்சிட்டு வர்றதா இருந்தா வராதண்ணே." சடங்கு அன்றைக்கு அவர் குடித்திருந்தார். அதனால் வரவில்லை. நான் சொன்னபடியே செய்தார், அதுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆத்திரம். கடைசியில் அப்பாவுவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைப் பிடித்து மாலை போடவைத்தோம். மறுநாள் வேலி வழியாகப் பார்த்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் ஒன்பது சீர்த்தட்டு வரிசையாக இருந்தது. வாழைப்பழமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அதற்கப்புறம் அவர் குடிக்கவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களில் பேச்சு இல்லை என்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முகத்துக்கு நேராகப் பார்க்கக் கூடாது. அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கக் கூடாது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். சுவரிடம் சொல்லலாம், நாயிடம் சொல்லலாம். "சில பேருக்கு வானம் இருட்டுனது கண்ணுக்குத் தெரியல போல" என்று அவர் தன் வீட்டு வாளியிடம் சொல்வார். நான் ஓடிப்போய்க் கொடியில் கிடக்கிற துணியை எடுப்பேன். தீபாவளிக்கு நடுச்சுவர் மேல் ஒரு முறுக்கு டின் இருக்கும். காலி டின்னைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் அதில் அதிரசம் போட்டு அதே இடத்தில் வைப்பேன். டின்னுக்கு இப்போது பதினோரு வயது, மூடி சரியாக மூடாது.

அப்பாவு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குப் பின்கதவு தட்டப்பட்டது. அண்ணன் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய், "மாப்ள, கழுத்தப் புடிச்சுக்குங்க" என்று அப்பாவுவைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, குளியலறைக்குக் கொண்டுபோய்க் கழுவித் துடைத்து, திரும்பவும் கொண்டுவந்து விட்டார். போய்விட்டார். மறுநாளும் வந்தார். நாலு வருஷம் வந்தார். நான் தேத்தண்ணியைப் பின்வாசல் படியில் வைத்துவிடுவேன், அவர் வெளியே நின்று குடிப்பார். வீட்டுக்குள் குடித்தால்தானே குற்றம். இப்படித்தான் ஐந்தரைக்கு நான் வேலைக்குக் கிளம்ப முடிந்தது.

போன மாதம் அவர் வலது காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நான் கழுவிக்கொண்டிருந்த சட்டியிடம், "சில பேருக்கு இனிப்பு நீர் வியாதி இருக்குன்னு தெரியும், கிளினிக்குப் போனா என்ன கொறஞ்சா போயிரும்" என்றேன். அவர் பூனையிடம், "செருப்புக் கடி, ரெண்டு நாள்ல ஆறிரும்" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் அவர் வரவில்லை. அப்பாவு பாதி வாயால், "தெலுக்... இந்தான். லாரி வேல. ஒரு வாரம்" என்றார். தெலுக் இந்தான் ஊருக்குப் போவதாக முந்தின நாளே அண்ணன் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அறுபதை நெருங்குகிற வயதில் என்ன லாரி வேலை, இங்கே ஒரு மனுஷனைத் தூக்க ஆள் இல்லாமல் நான் நிற்கிறேன், போகிற மனுஷன் சுவரிடமாவது சொல்லிவிட்டுப் போகக் கூடாதா. நான் தனியாகத் தூக்கிப் பார்த்தேன். முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. கடைசியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிற பிச்சைமுத்துவைக் கெஞ்சினேன். அவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஏழரைக்குத்தான் வருவார். அதனால் தினமும் எனக்கு வேலைக்கு லேட். சூப்பர்வைசர் தினமும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

சொன்ன ஒரு வாரமும் கழிந்து, பத்தாவது நாள், அப்பாவுவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே பிச்சைமுத்து தன் பாட்டுக்குச் சொன்னார்: "இந்தக் கனத்த இனிமே அந்தாளு ஒத்தக் கால வச்சுக்கிட்டு எப்படித் தூக்கப் போறாரோ."

"யாரு ஒத்தக் கால வச்சுக்கிட்டு?"

அவர் அவசரமாக வேன் சாவியைத் தேட ஆரம்பித்தார். நான் விடவில்லை. அண்ணனை அவர்தான் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தாராம். கால் கறுத்துப்போயிருந்ததாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். "ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சாமி மேல சத்தியம் வாங்கிட்டாரும்மா. நான் என்ன செய்யட்டும்."

அன்றைக்கு லீவு போட்டேன். பிச்சைமுத்துவின் சம்சாரத்தை அப்பாவு பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஈப்போ பஸ் ஏறினேன். பஸ்ஸில் அழலாம் என்று நினைத்தேன், ஆனால் சீட் கிடைத்தவுடன் தூங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி வார்டில் அண்ணன் கடைசிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மலாய் நர்ஸ் ஒருத்தி வந்து நான் யார் என்று கேட்டாள். தங்கச்சி என்றேன். அவள் ஃபைலைப் புரட்டிவிட்டு, இவருக்கு வந்து பார்க்கிற குடும்பம் இல்லை என்றல்லவா போட்டிருக்கிறது, கீழே சமூகநலப் பிரிவில் போய்க் கேளுங்கள் என்றாள். வருகை நேரமும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

சமூகநலப் பிரிவில் மெஹ்ரீன் என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கலாம். தலையில் முக்காடு, நல்ல தமிழ். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற குடும்பமாம்.

"பத்துமலை அங்கிளுக்குத் தங்கச்சியா நீங்க? வாங்க, ஒக்காருங்கம்மா. நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கல."

"ஏன் நெனைக்கல? ஒரு போன் பண்ணிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே."

அவள் ஃபைலை என் பக்கம் திருப்பினாள். குடும்பம் என்கிற இடத்தில் ஒரு வரி. முதல் வார்த்தை சிஸ்டர். அது எனக்குத் தெரியும். இரண்டாவது நீளமாக இருந்தது.

"இது என்ன?"

"எஸ்டிரேஞ்ஜ்டு."

"அப்படின்னா?"

மெஹ்ரீன் கொஞ்சம் யோசித்தாள். "சொந்தக்காரங்கதான், ஆனா உறவு விட்டுப்போச்சு. போறதில்ல, வாறதில்ல. கிட்டத்தட்ட அன்னியமாயிட்டாங்கன்னு அர்த்தம். இப்படி எழுதியிருந்தா நாங்க அவங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம். அவரே வேணாம்னு சொன்னதுக்கப்புறம் கூப்பிடவும் முடியாது."

"யாரையெல்லாம் இப்படிச் சொல்லுவாங்க?"

"ம்... பிரிஞ்சுபோயி வருசக்கணக்கா எங்க இருக்காங்கன்னே தெரியாத புருசன் பொண்டாட்டி. அப்பா செத்துட்டாருன்னு அடுத்தவங்க சொல்லித் தெரிஞ்சுக்கற மகன். அந்த மாதிரிம்மா."

"அந்த மகன் சாவுக்கு வருவானா?"

"பெரும்பாலும் வரமாட்டாங்க."

"அப்ப இது எங்களுக்கு இல்ல. எங்கள்ல பேச்சு இல்லாதவந்தான் மொதல்ல கோடித்துணியத் தூக்கிட்டு வந்து நிப்பான்." எனக்குக் குரல் ஏறிவிட்டது. "ஒரு சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரும்மா. தெனமும் காலையில வந்து எம் புருசனத் தூக்கி ஒக்கார வைப்பாரு. நான் வைக்கிற தேத்தண்ணியக் குடிப்பாரு. இவரா அன்னியம்?"

"அப்ப பேசறதில்லன்னு சொன்னாரே?"

"ஆமா, பேசறதில்ல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "எங்க வாப்பாவும் சின்ன வாப்பாவும் இப்படித்தாம்மா. ஒம்பது வருசம். நடுவுல கல்லாப்பெட்டிகிட்டதான் பேசிக்குவாங்க. இதுக்கு இங்கிலீஷ்ல வார்த்த இல்ல." பிறகு முகம் மாறியது. நாளைக் காலையில் தாப்பா பக்கத்தில் இருக்கிற ஒரு வெல்ஃபேர் ஹோமிலிருந்து ஆள் வந்து அண்ணனை அழைத்துப் போகப் போகிறார்களாம். ஆள் இல்லாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். பேப்பர் எல்லாம் தயார். "நீங்க பாத்துக்கறேன்னு சொன்னா, இன்னைக்கே கையெழுத்துப் போடணும். அவரும் ஒத்துக்கணும். யோசிங்கம்மா. அவசரப்படாதீங்க. வீட்ல யார் யார் இருக்காங்க?"

சொன்னேன். படுத்திருக்கிற புருஷன், ஜொகூரில் மகள், ஐந்தரை மணி வேலை. அவள் எதையும் எழுதவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

கேன்டீனில் போய் ஒரு கோப்பி ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த இடத்தை மறைத்துவிட்டுச் சொல்லலாம், யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வார்த்தையின் அர்த்தம் புரிந்து, கோபம் அடங்கின பிறகு, எனக்கு அது பிடித்திருந்தது. அதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எஸ்டிரேஞ்ஜ்டு. அதை நான் எழுதவில்லை. எழுதினது அவர்கள். அது அங்கேயே இருக்கட்டும் என்று எழுந்து பஸ் ஏறிப் போய்விட்டால் யாரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது. தாப்பாவுக்கு மாதம் ஒரு தடவை பஸ்ஸில் போகலாம். முறுக்கு டின் கொண்டுபோகலாம். அங்கே நர்ஸ் இருப்பார்கள், நேரத்துக்குச் சோறு இருக்கும், கட்டு மாற்றுவார்கள். என்னிடம் வந்தால் என்ன இருக்கிறது? காலையில் ஒருவரைத் தூக்க முடியாமல் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு பேரை எப்படித் தூக்குவேன்? நான் கடைசியாக ஒரு முழு இரவு தூங்கினது எப்போது என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

கோப்பி ஆறிப்போயிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் மூன்று தலைமுறையாக உட்கார்ந்து ஒரே பொட்டலம் சோற்றைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. வருகை நேரம். நான் என்ன முடிவு செய்தேன் என்று எனக்கே தெரியாமல்தான் எழுந்து வார்டுக்கு நடந்தேன்.

மெஹ்ரீன் ஃபைலோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். அண்ணன் விழித்திருந்தார். தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. நான் வருவதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், மருந்துப் பை தொங்குகிற கம்பியைப் பார்த்து நின்றேன். பழக்கம் அப்படி.

"அங்கிள், இவங்க யாரு?" என்றாள் மெஹ்ரீன்.

என் அண்ணனுக்குத் தெரிந்த இங்கிலீஷ், லாரிக்கு வேண்டிய அளவு. 'ஸ்டாப்', 'பிரேக்', 'ஓவர்லோட்' அவ்வளவுதான். பின்னால் எடுப்பதற்குக்கூட 'கோஸ்தான்' என்றுதான் சொல்வார். அந்த மனுஷன் ஜன்னலைப் பார்த்தபடி, நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் சொன்னார்.

"சிஸ்டர். எஸ்டிரேஞ்ஜ்டு."

நான் மெஹ்ரீனைப் பார்த்தேன். அவள் அண்ணனைப் பார்த்து, "அங்கிள், நான் இவங்ககிட்ட சொல்லிடறேன். மறைக்கறது எனக்குச் சரியாப் படல" என்றாள். அண்ணன் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆனால் அவள் சொன்னாள்.

"இந்த வார்த்தைய நான் எழுதலம்மா. அவருதான் கேட்டாரு. சேந்த மறுநாள், ஆப்பரேஷனுக்கு முன்னால. குடும்பத்துல யாருன்னு கேட்டேன், ஒரு தங்கச்சின்னாரு. நம்பர் கேட்டேன். குடுக்கல. தங்கச்சி இருக்குன்னு எழுதணும், பொய் எழுதக் கூடாது, ஆனா அவளுக்குப் போன் போகக் கூடாது, அதுக்கு இங்கிலீஷ்ல ஏதாச்சும் வார்த்த இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன். அர்த்தம் சொன்னேன். இத எழுதினா கண்டிப்பாப் போன் போகாதா, யாரும் அவளத் தேடிப் போக மாட்டாங்களான்னு ரெண்டு தடவ கேட்டாரு. போக மாட்டாங்கன்னேன். அப்ப அதையே போடுங்க மிஸ்னு சொல்லிட்டாரு. டாக்டர் கேட்டா சொல்லணும்னு தமிழ்ல எழுதி வாங்கிக்கிட்டாரு."

கட்டில் பக்கத்து மேசையில் மருந்து உறை ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் அந்த வார்த்தை தமிழ் எழுத்தில் ஒரு தடவை மெஹ்ரீன் கையெழுத்திலும், கீழே ஏழெட்டுத் தடவை அண்ணனின் கோணல் கையெழுத்திலும் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். ஸ்லேட்டில் எழுதிப் பழகுகிற மாதிரி எழுதிப் பழகியிருக்கிறார்.

நான் மருந்துக் கம்பியிடம் பேசினேன். "சில பேருக்குப் பெரிய மனசுன்னு நெனப்பு. கால் போன சேதிய ஊர்ல உள்ளவன் சொல்லித் தெரிஞ்சுக்கணுமா கூடப்பொறந்தவ?"

அண்ணன் மெஹ்ரீனிடம் சொன்னார்: "மிஸ், அந்த வீட்ல ஏற்கனவே ஒருத்தரு படுத்துக் கெடக்காரு. இன்னொரு ஆளும் போயி விழுந்தா அவ்வளவுதான். தூக்குறதுக்கு ஒரு ஆளு. அதுவும் பொம்பள."

"யாரத் தூக்கச் சொன்னா?" என்றேன் கம்பியிடம். "கட்டிலு மேல ஒக்காந்தபடி பக்கத்துல இருக்கவருக்குக் கஞ்சி ஊட்டலாம்ல? நான் வேலைக்குப் போனா ரெண்டு மணி வரைக்கும் அவரு ஒத்தையாத்தான கெடக்காரு. ஈ உக்காந்தா ஓட்ட ஆள் இல்ல. கை ரெண்டும் போயிருச்சா?"

"காலையில குளிப்பாட்டுறது யாரு மிஸ்? கேளுங்க."

"தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. பிச்சைமுத்து எத்தனை நாள் வருவார்? தினேஸ்வரியைக் கூப்பிட்டு அவள் பிழைப்பைக் கெடுக்கவும் முடியாது. "தெரியல. ஆனா தாப்பாவுல யாருக்கு யாரத் தெரியும்? அங்க சில பேரு சொவத்துகிட்டப் பேசுனா புத்தி பேதலிச்சுருச்சுன்னு மருந்து குடுத்துருவாங்க."

மெஹ்ரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்க்கத் திரும்பினேன். சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் இருந்த முகத்தை மெதுவாகத் திருப்பி, பதினோரு வருஷத்துக்கு அப்புறம் என்னை நேராகப் பார்த்தார். என் கண்ணை, கன்னத்தை, நான் முதுகில் கை வைத்துக்கொண்டு நிற்பதை, எல்லாவற்றையும் பார்த்தார்.

"காளி" என்றார். "நீ தூங்கி எத்தன நாளாச்சு?"

காளியம்மா என்பது என் பேர். காளி என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். நான் பதிலுக்கு ஏதாவது சுருக்கென்று சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். எனக்குத்தான் வாய் நீளம் என்று பேர். அதற்குப் பதில் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அதெல்லாம் அப்புறம் தூங்கிக்கலாம்ணே" என்றேன்.

அந்த 'ணே' நான் கூப்பிடாமலே வந்துவிட்டது. அவர் அதைக் கேட்டார். கேட்காத மாதிரி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மெஹ்ரீன் ஃபைலைத் திறந்து, அந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு போட்டாள். கோடு போட்ட இடத்தில் தன் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டாள். "இதுக்குப் பதிலா என்ன எழுதட்டும் அங்கிள்?" என்று கேட்டாள். "அடுத்த வீடுன்னு எழுதும்மா" என்றேன் நான். அதற்கு அவளிடம் இங்கிலீஷ் இருந்தது. எழுதி முடித்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். போட்டேன். பிறகு ஃபைலை அண்ணன் பக்கம் நீட்டினாள். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். போடாமல் இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. போட்டுவிடுவாரோ என்று இன்னொரு பயம், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். போட்டார்.

மெஹ்ரீன் ஹோமுக்குப் போன் பண்ணிச் சொல்லப் போய்விட்டாள். இனி அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. சுவர் இல்லாமல், பூனை இல்லாமல் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மருந்துக் கம்பியில் சொட்டு சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது சொட்டோ ஆறாவதோ, அதற்குமேல் எனக்கு ஞாபகமில்லை. கட்டில் ஓரத்தில் தலையை வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

மணி அடித்ததும், யாரோ வருகிறவர்களை வெளியே போகச் சொல்வதும் தூரத்தில் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், உடம்பு கேட்கவில்லை. காவலுக்கு இருக்கிற ஜாகா வந்து கட்டில் கால்மாட்டில் நின்று, நேரம் முடிந்தது, யார் இது, எழுப்புங்கள் என்று மலாயில் சொன்னான். என் தலைக்கு மேலே ஒரு கை காற்றில் அவனைத் தடுக்கிற மாதிரி அசைந்தது. அந்தக் கையின் நிழல் என் கண்ணிமை மேல் விழுந்து நகர்ந்தது.

"உஷ்" என்றார் அண்ணன். பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, மெதுவான குரலில் அவனிடம் சொன்னார்.

"சிஸ்டர். மை சிஸ்டர். ஸ்லீப்பிங்."

அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த வார்த்தை வருமா என்று கண்ணைத் திறக்காமல் காத்திருந்தேன். வரவில்லை. நான் தூங்கினேன்.